பேத்தியின் சுருட்டை முடியும் காலைநேர அழுகையும்

கேள்வி: என் மகள் நைஜீரியாவின் லேகோஸ் நகரைச் சேர்ந்த யோருபா இனத்தவரை மணந்து இங்கே சிங்கப்பூரிலேயே வசிக்கிறாள். ஆறு வயதுப் பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வாரிவிட்டும் சிக்கு எடுக்கும்போது அழுகிறாள். முடி வளர்வதாகவும் தெரியவில்லை. ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகப்போகிறாள். ரீபாண்டிங் செய்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? – ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, ரீபாண்டிங் வேண்டவே வேண்டாம். முடியின் உள்பிணைப்புகளைப் பிரித்து நேராக்கும் அந்த இரசாயனங்கள் சிறு பிள்ளையின் தலைத்தோலைப் புண்ணாக்கக்கூடும். அதோடு, வேரிலிருந்து புதிதாக வளரும் முடி மறுபடியும் சுருளாகத்தான் வரும். பழையதும் புதியதும் சேரும் இடத்தில் முடி எளிதில் ஒடியும்.

நீங்கள் மாற்ற வேண்டியது வாரும் வேளையைத்தான். நம் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை இறங்கிவிடும். இறுகச் சுருண்ட முடியில் வளைவுக்கு வளைவு தடைபடுவதால், வேர்ப்பகுதி பிசுபிசுத்தாலும் நுனி வறண்டே கிடக்கும். ஒவ்வொரு வளைவும் பலவீனமான இடம் என்பதால், உலர்ந்த தலையில் நெருக்கமான பல் சீப்பை இழுத்தால் முடி அங்கேதான் அறுபடும். ஆகவே உலர்ந்த தலையை வாராதீர்கள். வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பாட்டும்போது, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, முடியை நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை எடுத்து, வேருக்குச் சற்றுக் கீழே இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் முதலில் நுனியில் இரண்டு அங்குலத்தை மட்டும் சிக்கெடுங்கள். அது வழுக்கிக்கொண்டு வந்தபிறகே இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். இழுப்பு உங்கள் கைப்பிடியோடு நின்றுவிடுவதால் பிள்ளைக்கு வலி தெரியாது. அலசியபின் துண்டால் தேய்க்காமல், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிடச் சொல்லமாட்டேன். அது முடிக்குள் ஊறி, அலசும்போது ஏற்படும் சேதத்தைக் குறைக்கக்கூடியது. ஆனால் வறண்ட முடிக்கு ஈரத்தைத் தருவது தண்ணீர்தான். எண்ணெய் அதை வெளியேறவிடாமல் காக்கும், அவ்வளவே. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவுங்கள்; குளித்தபின் ஈர முடியில், அலசத் தேவையில்லாத கண்டிஷனரைப் பூசி அதன்மேல் சில சொட்டுகள் போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தினமும் எண்ணெய் வைத்தால் வியர்வையோடு சேர்ந்து பொடுகு கூடும். சீயக்காய்ப் பொடியும் வேண்டாம், சுருள்களுக்குள் போனால் அலசி எடுப்பதற்குள் இருவருக்கும் பொறுமை போய்விடும்.

முடி வளராமல் இல்லை, சுருண்டு குறுகித் தெரிகிறது. ஈரமாக இருக்கும்போது ஒரு சுருளை மெல்ல நீட்டிப் பாருங்கள், உண்மையான நீளம் தெரியும்.

ஈரம் முழுதும் காய்வதற்குள் இரட்டைப் புரியாக முறுக்கியோ தளர்வாகப் பின்னியோ விட்டால் ஒரு வாரம்வரை அப்படியே விடலாம். காலையில் சீப்பை எடுக்க வேண்டிய வேலையே இல்லை. இரவில் வழுவழுப்பான சாட்டின் தலையணை உறை போடுங்கள். இந்தக் கைவேலையில் உங்கள் சம்பந்தியம்மாவை மிஞ்ச யாராலும் முடியாது. முடியைக் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டி, சூடு படாமலே நீட்டும் வழக்கம் யோருபாப் பெண்களிடம் தலைமுறைகளாக உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் காணொளியில் அழைத்துக் கேளுங்கள். என்னிடம் கேட்பதைவிட அதுவே மேல்.

நீச்சலுக்குப் போகும் நாள்களில், குளத்தில் இறங்குமுன் குழாய்த் தண்ணீரால் முடியை நன்றாக நனைத்து, கண்டிஷனர் பூசித் தொப்பி மாட்டுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் நீரை அதிகம் உறிஞ்சாது. பள்ளியைப் பொறுத்தவரை, நீண்ட முடியைக் கட்டியிருக்க வேண்டும், கறுப்பு அல்லது கருநீல ரிப்பன் அணிய வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் விதி. பின்னல் அதற்குள் அடங்கும். தயக்கமிருந்தால் டிசம்பருக்குள் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உறவினர்கள் முடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பிள்ளையின் காதுபடப் பேச வேண்டாம் என்று நீங்களே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாட்டி சொன்னால் எடுபடும்.

எவ்வளவு அழகாக வந்தாலும் பின்னலை இறுக்காதீர்கள். நெற்றியோரம் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அன்றே அவிழ்த்துவிடுங்கள். அங்கே முடி மெலிந்துகொண்டே போனால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தேவையென்றால் அங்கிருந்தே தேசியத் தோல் நிலையத்துக்கு அனுப்புவார்கள்.