லயத்து வீட்டிலிருந்து வந்த கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இனப்பெருக்க உரிமை பற்றிய கோயில் கூட்டம் முடிந்ததும் பெண்களும் இளைஞர்களும் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். தோட்டத்துக் கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை விஷயமாக அலைகிறவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இனப்பெருக்க உரிமை என்றால் கருக்கலைப்புதானே? அது அமெரிக்காக்காரர்கள் சண்டை. நமக்குச் சம்பளம், வீடு என்று ஆயிரம் பிரச்சினை இருக்கிறதே?

தம்பி, அமெரிக்காவிலிருந்தே ஒரு கதை சொல்கிறேன். மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்று ஒரு கறுப்பினப் பெண். இருபது பிள்ளைகளில் கடைசி. ஆறு வயதில் பருத்தி பொறுக்கப் போனார். பிறகு பருத்தித் தோட்டத்தில் வேலை நேரம் குறிப்பவரானார், நம் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், பேர் போடும் கிராணி மாதிரி. 1961இல் கட்டி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண்களுக்கு அங்கே இது அடிக்கடி நடந்தது. அடுத்த வருடம் வாக்காளராகப் பதியப் போனார். "பதிவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் தோட்டத்தை விட்டுப் போ" என்றார் முதலாளி. பதினெட்டு வருடம் உழைத்த இடம், அன்று இரவே வெளியேறினார்.

அவருடைய உடம்பு, வீடு, ஓட்டு மூன்றிலும் ஒரே கைதான் இருந்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்று வாழ்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் இதற்கு 'இனப்பெருக்க நீதி' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை வேண்டாம் என்பதும் உரிமை, பெற்றுக்கொள்வதும் உரிமை, பெற்றதைப் பத்திரமாக வளர்ப்பதும் உரிமை. 2022இல் அந்த நாட்டு உச்சநீதிமன்றம் கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. நீங்கள் சொல்லும் சண்டை அது. ஆனால் சம்பளமும் வீடும் இல்லாமல் அந்த மூன்றாவது உரிமை எங்கிருந்து வரும்?

என் அம்மா தோட்டத்தில் பல வருடம் பூச்சி, களை மருந்து அடித்தார். அதுவும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். கிளினிக்கில் ஓர் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. இரண்டு விரலில் நகமே இல்லை, மற்றவை வெளுத்துச் சொரசொரவென்று இருந்தன. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவதாகவும் சொன்னார். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் முதுகில் டின்னோடு நடந்தவர். மருந்து அடிக்கும் பெண்களின் பாடுகளைத் தெனாகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும் அதை நடத்திய ஐரீன் பெர்னாண்டசும் வெளியே கொண்டுவந்தார்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் தடை செய்து, 2006இல் தளர்த்தி, 2020இல்தான் முழுதாக நிறுத்தினார்கள். அவ்வளவு இழுபறி.

நான் மூன்று மாதக் கர்ப்பம். "வீட்டில் இரு, பெற்ற பிறகு புதிதாகச் சேர்ந்துகொள்" என்கிறார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

எதிலும் கையெழுத்துப் போடாதேம்மா. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நீக்குவது குற்றம். வேறு காரணத்துக்காக நீக்கியதாகச் சொன்னால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், உயிரோடு உள்ள பிள்ளைகள் ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் விடுப்புச் சம்பளமும் உண்டு. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு லேபர் ஆபிசுக்குப் போ.

மலேசியாவில் கருக்கலைப்பு அடியோடு தடையா?

இல்லை. குற்றவியல் சட்டம் 312ஆம் பிரிவை 1989இல் திருத்தினார்கள். உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கூடுதல் ஆபத்து என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம். வயது வந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. தெரியாத இடத்தில் மாத்திரை வாங்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

எனக்குக் குடிமகனுக்கான நீல அடையாள அட்டை, மனைவிக்குத் தற்காலிகவாசிக்கான பச்சை அட்டை. கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. மகனின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் இல்லை என்று இருக்கிறது.

இதற்காக நான் ஏறாத படி இல்லை. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமை வழியில்தான் பார்க்கப்படும். உங்கள் நீல அட்டை உதவாது. 1982 முதல் பதிவுதான் திருமணம், தாலி மட்டும் போதாது. எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை. அரசியலமைப்பு 15A பிரிவில் பிள்ளைக்காக மனு போடலாம். வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறப்புப் பத்திரம், கிளினிக் அட்டை, பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இந்தோனேசியப் பெண்களுக்காகவும் பேசுகிறீர்களாமே? அவர்கள் வந்துதானே நம் வேலை போச்சு?

வேலையைப் பறித்தது அவர்களா, குறைந்த கூலிக்கு ஆள் தேடியவர்களா? அவர்களுக்கு வேலை பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பமும் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் தகுதி இல்லை. போன மாதம் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண் ஒருத்தி கணவரின் பெரிய சட்டையைப் போட்டு வயிற்றை மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "பிள்ளைக்குச் சூராட் (பத்திரம்) கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அவளோடு வர ஒரு வழக்கறிஞர் தேவை. யாருக்காவது தெரிந்தால் இந்த வாரமே வந்து சொல்லுங்கள், அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது.