வாசற்படி ஐஸ்: மைனஸ் 25ல் உப்பு ஏன் வேலை செய்யவில்லை?

கனடாவின் வினிப்பெக்கில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் படியில் கல் உப்பு கொட்டியும் ஐஸ் அசையவில்லை என்கிறீர்கள். அசையாதுதான். மைனஸ் 10க்குக் கீழே உப்பு மந்தமாகிவிடும். மைனஸ் 21க்குக் கீழே சுத்தமாக நின்றுவிடும். மேலும் கொட்டினால் காசுதான் கரையும்.

இந்தக் குளிரிலும் ஐஸை உருக்கும் வேறு வகை உப்பான கால்சியம் குளோரைடு உருண்டை வாங்குங்கள். சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி போதும், கையுறை கட்டாயம். ஈரத்தோலில் பட்டால் எரியும். ஒவ்வொரு உருண்டையும் ஐஸில் குட்டித் துளை போட்டுக்கொண்டு அடிவரை இறங்கும். முழுதும் உருகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடிப்பிடிப்பு விட்டதும் மண்வெட்டியால் நெம்பி, ஈரத்தையும் வழித்துத் தள்ளுங்கள். விட்டால் மறுபடி உறையும்.

கான்கிரீட் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லையா? எந்த உப்பும் வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும். சொரசொரப்பான மணல் தூவுங்கள். உருகாது, ஆனால் கால் வழுக்காது.