யார்க்‌ஷயர் டெரியர்: எடையும் வம்சமும் குணமும் – சுங்கை சிப்புட் வட்டாரக் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் யார்க்கி, அதாவது யார்க்‌ஷயர் டெரியர் என்ற சின்ன நாயை, வளர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். நான் இந்த இனத்தை வளர்ப்பவள், முடி வெட்டிச் சீர்செய்வதைத் தொழிலாகவும் செய்பவள். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எடையைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (தாமானில் வசிக்கும் ஆசிரியை): அக்கா, என் யார்க்கிக்கு இரண்டு வயது, 4.6 கிலோ. தங்கை வளர்ப்பது 2.3 கிலோதான். என்னுடையது கலப்பாகத்தான் இருக்கும் என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அப்படியா?

பதில்: எடையை மட்டும் வைத்துக் கலப்பு என்று முடிவு கட்ட முடியாது, டீச்சர். எஃப்சிஐ என்ற உலக நாய்க் கூட்டமைப்பு யார்க்கிக்கு வைத்திருக்கும் உச்ச எடை 3.2 கிலோ. அது கண்காட்சிக்கான அளவு. சுத்தமான தாய் தகப்பனுக்குப் பிறந்தும் நான்கு, ஐந்து கிலோ வரை வளரும் யார்க்கிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

காரணம் இனத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் ஆலை வேலை தேடி வட இங்கிலாந்துக்கு வந்தார்கள். அவர்களோடு வந்த டெரியர்களும் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதி டெரியர்களும் கலந்து உருவான நாய் இது. 1865இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் தகப்பன் என்பார்கள். அவனே இன்றைய 3.2 கிலோ வரம்பைத் தாண்டியவன். அவனுக்குப் பிறந்தவற்றில் பல அவனைவிடச் சின்னவை. அந்த இரண்டு உடம்பும் இன்றைக்கும் ஒரே ஈற்றில் பிறக்கும்.

ஒன்றை மட்டும் பாருங்கள். விலாப் பக்கம் லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? தட்டுப்பட்டால் அவன் உடம்பே அவ்வளவுதான், நிம்மதியாக இருங்கள். தட்டுப்படாவிட்டால் அது கொழுப்பு. பசியாறும்போது கொடுக்கும் ரொட்டி சானாய்த் துண்டை முதலில் நிறுத்துங்கள். இன்னொன்று, சில்க்கி டெரியரை யார்க்கி என்று விற்பதும் உண்டு. சில்க்கி ஆஸ்திரேலியாவில் யார்க்கி இரத்தத்தையும் சேர்த்து உருவாக்கிய இனம். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உடம்பும் மூக்கும் சற்று நீளம், எடையும் நான்கு கிலோவை ஒட்டி வரும்.

கேள்வி (தோட்டத்து இளைஞர்): ஈப்போவில் ஒருவர் 'டீகப் யார்க்கி' விற்கிறார். முழுசா வளர்ந்தாலும் 1.2 கிலோதானாம். இப்போது ஆறு வாரம். சாதாரணக் குட்டியைவிட இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம், தம்பி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படி வாங்கிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில், டீகப் என்று ஒரு வகையை எந்த அதிகாரபூர்வ நாய்ச் சங்கமும் ஏற்கவில்லை. அது விற்பனைக்காக வைத்த பெயர். ஆறு வாரக் குட்டியைப் பார்த்து '1.2 கிலோதான் வரும்' என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பன்னிரண்டாவது வாரத்து எடையை இரட்டிப்பாக்கினால் வளர்ந்த எடை ஓரளவு தெரியும் என்று வளர்ப்பவர்கள் கணக்குப் போடுவோம். அதுவும் முன்னே பின்னே மாறும்.

அடுத்தது, குட்டி ஏன் சின்னதாக இருக்கிறது? வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. ஈற்றில் கடைசியாய்ப் பிறந்து பால் கிடைக்காமல் மெலிந்திருக்கலாம். வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது கல்லீரல் கோளாறுக்கு. சில குட்டிகளுக்குக் குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் வேறொரு குழாய் வழியாக உடம்புக்குள் போய்விடும். பிறவியிலேயே வருவது இது, யார்க்கியிடம் மற்ற இனங்களைவிட அதிகம். அந்தக் குட்டி வளராது. சாப்பிட்ட பிறகு மயங்கினாற்போல் நிற்கும், சுவரில் போய்த் தலையை முட்டும். கடைக்காரர் 'டீகப்' என்று காட்டுவது உண்மையில் நோயாளிக் குட்டியாக இருக்கலாம். பித்த அமிலத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையில் இது பெரும்பாலும் பிடிபடும்.

நோயே இல்லாவிட்டாலும் ஒரு கிலோ உடம்பில் சேமிப்பு கிடையாது. இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நடை தள்ளாடும், உடம்பு நடுங்கும், கூப்பிட்டால் கண் திறக்காது. அப்போது ஈறில் தேனோ குளுக்கோஸோ தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தோட்டத்திலிருந்து ஈப்போ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சோபாவிலிருந்து குதித்தாலே கால் ஒடியும், மயக்க மருந்து கொடுப்பதும் கடினம்.

அப்புறம், ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரிப்பதே தவறு. எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் வாங்காதீர்கள். இவ்வளவு சின்ன இனத்துக்குப் பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருப்பதுதான் நல்லது. அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்து, வளர்ந்தால் மூன்று கிலோ வரக்கூடிய நல்ல குட்டியை எடுங்கள். மீதியைத் தடுப்பூசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தோட்டத்து கிராணி, பணி ஓய்வு பெற்றவர்): எம்கேஏ செர்ட் இருந்தால் தரமான நாய் என்று அர்த்தமா? என் நாய்க்கு செர்ட் இருக்கிறது, ஆனால் முடி பஞ்சு மாதிரி சிக்குப் பிடிக்கிறது.

பதில்: ஐயா, எம்கேஏ என்கிற மலேசிய கென்னல் அசோசியேஷன் தரும் செர்ட், அதாவது வம்சச் சான்றிதழ், உங்கள் நாயின் தாய், தகப்பன், பாட்டன் யார் என்று சொல்லும். முடி எப்படி இருக்கும், முட்டிச் சில்லு நழுவுமா, கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வராது. யார்க்கிக்குப் பட்டு மாதிரி ஒற்றை அடுக்கு முடிதான் முறை. பஞ்சு முடி சில வம்சங்களில் இறங்கி வரும். அது நோயும் அல்ல, கலப்பின் அடையாளமும் அல்ல. சீவுகிற வேலைதான் கூடும், குட்டையாக வெட்டிவிட்டால் தீர்ந்தது.

செர்ட்டை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்கிறேன். முதலில் அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணை டாக்டரிடம் ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். எண் பொருந்தாவிட்டால் அது வேறு நாயின் செர்ட். பிறகு தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் நெருங்கிய இரத்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், பிறவிக் கோளாறுகள் வெளியே வர அது வழி செய்யும். 'சாம்பியன் வம்சம்' என்று விற்கும்போது அந்த சாம்பியன் எத்தனை தலைமுறைக்கு முன்னால் இருந்தது என்று கேளுங்கள். நான்காம் தலைமுறையில் ஒன்றே ஒன்று இருந்தால் அதற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. எனக்கு செர்ட்டைவிட முக்கியம், தாய் நாயை நேரில் பார்ப்பது. தாயைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (கடைத்தெரு அக்கா): குட்டி கறுப்பாகவே இருக்கிறது. யார்க்கி நீலம் கலந்த சாம்பல் என்கிறார்களே?

பதில்: யார்க்கிக் குட்டிகள் பொதுவாகக் கறுப்பும் பழுப்புமாகத்தான் பிறக்கும். எஃகு நீலம் மெல்ல வரும், சிலவற்றுக்கு இரண்டு, மூன்று வயது வரைகூட ஆகும். காத்திருங்கள்.

கேள்வி: வெள்ளை கலந்த யார்க்கியை 'அபூர்வ ரகம்' என்று கூடுதல் விலை சொல்கிறார்களே?

பதில்: அபூர்வம் என்பதற்காக ஒரு வெள்ளிகூட அதிகம் தராதீர்கள். 1984இல் ஜெர்மனியில் பீவர் தம்பதியர் வீட்டில் அப்படி வெள்ளை கலந்த குட்டி பிறந்து, அந்த வழியில் வந்ததுதான் பீவர் டெரியர். அமெரிக்கன் கென்னல் கிளப் 2021இல் அதைத் தனி இனமாகவே ஏற்றுக்கொண்டது. யார்க்கிக்கான கண்காட்சி விதியில் வெள்ளைக்கு இடமில்லை. வீட்டில் வளர்க்கத் தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி (லயத்து வீட்டு அம்மா): ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டை வளர்க்கிறோம். சின்னது யார் வந்தாலும் குரைத்துக் கடிக்கப் போகிறது. பெரியது பூனை மாதிரி படுத்திருக்கிறது. சின்ன யார்க்கி என்றாலே கோபக்காரன்தானா?

பதில்: இல்லைம்மா. எடைக்கும் கோபத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் சின்ன நாயை நாம் நடத்தும் விதம் வேறாகிவிடுகிறது. யாராவது வந்தால் உடனே தூக்கிக்கொள்கிறோம், உறுமினால் சிரிக்கிறோம், தரையில் நடக்கவே விடுவதில்லை. பெரிய நாய் உறுமினால் அதட்டுகிறோம். உறுமினால் ஆள் விலகிப் போகிறான் என்று சின்னது கற்றுக்கொள்கிறது.

பிறவிக் குணமும் உண்டு. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் எலி பிடித்த டெரியரின் இரத்தம் அது. துணிச்சல், பிடிவாதம், சத்தம் கேட்டால் முதலில் குரைப்பது எல்லாம் கூடவே வரும். இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்றொரு யார்க்கி இருந்தது. நியூகினியில் 1944இல் ஒரு பள்ளத்தில் கிடைத்தது, இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் விமானத்தளத்துக்கு அடியில், ஏறக்குறைய 21 மீட்டர் நீளக் குழாய்க்குள் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டிக்கொண்டு, மறுபக்கம் நின்று கூப்பிட்ட தன் எஜமானிடம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. யார்க்கியை நான் பொம்மையாக நினைக்காததற்கு இந்த மாதிரி நாய்கள்தான் காரணம். அந்தத் துணிச்சலுக்கு வேலை கொடுத்தால் குரைப்பு பாதி குறையும். தீனியை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், உட்கார், இரு என்று பழக்குங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பின்னால் பெரும்பாலும் பயப்படாது. மோட்டார் சத்தம், குடை, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், உறுமி மேளம் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மெதுவாகக் காட்ட வேண்டும். உங்கள் சின்னதுக்கு அந்த வயது தாண்டிவிட்டது, இருந்தாலும் திருத்தலாம். ஆள் வரும்போது தூக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, குரைக்காமல் பார்க்கும் அந்த நொடியில் ஒரு துண்டு கோழி கொடுங்கள். தீபாவளி வெடிக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் பார்க்காமல் உள்ளறையில், விசிறியைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

கேள்வி: ஆணா பெண்ணா, எது சாது?

பதில்: இந்த இனத்தில் அந்த வித்தியாசம் சிறிது. தாயின் குணத்தைப் பாருங்கள்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்து மண்டோர்): என் யார்க்கி தோட்டத்தில் எலியை விரட்டி ஓடுகிறான். விடலாமா?

பதில்: அண்ணே, அவனுக்கு அது சந்தோஷம், எனக்குத்தான் பயம். செம்பனை அடியில் எலிக்கு வைக்கும் மெழுகுக் கட்டி இரத்தத்தை உறையவிடாத விஷம். மூன்று கிலோ நாய்க்கு ஒரு கட்டியே ஆபத்து, விஷம் தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மூக்கில் இரத்தம் வரும். தின்றது தெரிந்த உடனே கட்டியின் உறையோடு டாக்டரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோ நோய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். உண்ணி மாத்திரையை நாயின் எடைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள், பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். தோட்டத்துக்குள் கயிற்றோடு கூட்டிப் போங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்புப் பட்டை போடுங்கள். யார்க்கியின் மூச்சுக்குழாய் எளிதில் நசுங்கும், வாத்து கத்துவது போன்ற இருமல் அதன் அறிகுறி.

கேள்வி (வெளியூரில் வேலை செய்யும் மகள்): அப்பா தோட்டத்தில் தனியாக இருக்கிறார், வயது எழுபது. அவருக்கு யார்க்கி வாங்கித் தரலாமா? எந்த அளவு?

பதில்: தரலாம்மா, ஆனால் குட்டி வேண்டாம். நாளைக்கு நான்கு முறை தீனி, பாய் முழுக்க மூத்திரம், இரவெல்லாம் முனகல். எழுபது வயதில் அது பாரம். மூன்று, நான்கு வயதான, 3 கிலோவுக்குக் குறையாத நாயாகப் பாருங்கள். காலடியில் தெரியும் அளவுக்கு இருந்தால் அப்பா தடுக்கி விழ மாட்டார், அதுவும் மிதிபடாது. வளர்ப்பவர்கள் ஈற்றிலிருந்து ஓய்வு கொடுக்கும் பெண் நாய்கள் அவ்வப்போது கிடைக்கும், குணமும் தெரிந்தே எடுக்கலாம். முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) தரும் நாய் லைசன்ஸை நீங்களே எடுத்துக் கொடுங்கள். மைலோவில் கோக்கோ இருக்கிறது, அது நாய்க்கு ஆகாது, அப்பா தன் குவளையிலிருந்து நாய்க்கு ஊற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாயை வாங்குவதற்கு முன்பே பக்கத்து லயத்தில் ஒருவரிடம் டாக்டரின் எண்ணைக் கொடுத்து, அப்பாவுக்கு முடியாமல் போனால் நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பேசி வைத்துவிடுங்கள்.