பழைய குவாட் பைக்கின் பிரேக் ஆயிலை நாமே மாற்றி ஏர் எடுக்க முடியுமா?

முடியும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா ராப்டர் 700 (நாலு சக்கர குவாட் பைக்), முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கைப்பிடியைத் தொடுகிறது, கராஜில் காட்டியதற்கு இரண்டு காலிப்பரும் (சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) மாஸ்டர் சிலிண்டரும் (லிவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் பகுதி) புதிதாகப் போடச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பர்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு லீவு நாள் காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஷார்ஜாவில் பதாயர் மணல்மேட்டுப் பக்கம், வாடகைக்கு விடும் குவாட் பைக்குகளுக்கு வேலை பார்க்கும் ஷெட்டில் ஆறு வருடம் இருந்தவன் நான். பஞ்சு லிவரோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பார்ட்ஸ் எதுவும் மாற்றாமல், புது ஆயிலோடுதான் திரும்பிப் போயின.

முதலில் லிவரிடமே கேளுங்கள், அதுவே பாதி சொல்லிவிடும். வேகமாக நாலைந்து முறை அடித்தால் கெட்டியாகி, கொஞ்ச நேரம் விட்டால் பழையபடி தொளதொளவென்று ஆகிறதா? ஆயில் போகும் வழிக்குள் ஏர், அதாவது காற்று, சிக்கியிருக்கிறது. காலையில் நன்றாகப் பிடித்து, ஒரு மணி நேரம் மணலில் ஓட்டியதும் லிவர் காணாமல் போய், வண்டி ஆறியதும் திரும்பி வருகிறதா? ஆயிலில் தண்ணீர் சேர்ந்து கொதிக்கிறது. மூன்றாவது ஒன்று உண்டு: லிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல், பிடித்த பிடியிலேயே லிவர் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அப்போது மட்டும் கராஜ்காரர் சொன்னதில் பாதி சரி.

தண்ணீர் எப்படி உள்ளே போகும் என்று கேட்பீர்கள். நாம் போடும் டாட் 3, டாட் 4 தர ஆயில் கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை. காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அளவு 155க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் அமுங்கும், அமுங்கினால் பிரேக் இல்லை. பாலைவனத்தில் ஈரம் ஏது என்று நானும் நினைத்தேன். ஆகஸ்ட் மாத இரவில் ஷார்ஜா கடற்கரையோரம் நின்று பாருங்கள், சட்டையைப் பிழியலாம். வண்டிகள் நிற்பதும் அந்தக் காற்றில்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வாடகை வண்டிகளுக்கு நாங்கள் சீசன் தொடங்கும்போதே மாற்றிவிடுவோம்.

வாங்க வேண்டியது டாட் 4 ஒரு அரை லிட்டர் பாட்டில், சீல் உடைக்காதது. முன், பின் இரண்டுக்கும் போதும். டாட் 5.1 கிடைத்தால் போடலாம். டாட் 5 மட்டும் வேண்டாம். பெயர் ஒட்டி இருந்தாலும் அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது. அப்புறம் நிப்பிளுக்கு (காலிப்பரில் ஏரும் ஆயிலும் வெளியே விடத் திறக்கும் சின்னத் திருகு) ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 மி.மீ.), மீன் தொட்டிக்குப் போடும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர், மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று, நிறைய பனியன் வேஸ்ட், ஒரு வாளித் தண்ணீர். வாளி எதற்கென்றால் இந்த ஆயில் பெயிண்ட்டைத் தின்னும். சிந்திய உடனே தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும், துடைத்து மட்டும் விட்டால் மறுநாள் பெயிண்ட் உரிந்து நிற்கும். கண்ணில் பட்டால் எரியும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே வண்டியைக் கழுவிக் காய வையுங்கள். நிப்பிளின் ரப்பர் மூடி உங்கள் வண்டியில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வண்டிகளில் இருந்ததே இல்லை. அந்த ஓட்டைக்குள் மாவு மாதிரி மணல் இறுகிக் கிடக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, மரையைச் சுற்றித் துருத் தளர்த்தும் ஸ்பிரே அடித்து இரவு விட்டுவிடுங்கள். நிப்பிள் நடுவில் குழலாக இருப்பதால் லேசில் ஒடியும். ஒடிந்துவிட்டால் அப்போது நிஜமாகவே காலிப்பர் வாங்கப் போக வேண்டியதுதான்.

கைப்பிடியைத் திருப்பி, மேலே இருக்கும் ஆயில் டப்பா மட்டமாக நிற்கும்படி வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றுங்கள். அந்த இரண்டு ஸ்க்ரூவும் உப்பு பிடித்து மொண்டியாகும் ஜாதி. ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் வரும். மூடிக்கு அடியிலுள்ள ரப்பரைப் பாருங்கள். அது உப்பி அலை அலையாக இருந்தால், உங்களுக்கு முன்னால் வைத்திருந்த மகான் யாரோ இன்ஜின் ஆயில் ஊற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் ஏர் எடுப்பதில் பயனில்லை, எல்லா ரப்பர் சீலும் மாற்ற வேண்டும்.

ரப்பர் நன்றாக இருந்தால், டப்பாவிலுள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, அடியில் படிந்த சேற்றைத் துடைத்து, புது ஆயில் ஊற்றுங்கள். பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரை வரும்.

இனி இரண்டு பேர் வேலை. ஒருவர் லிவரில், ஒருவர் சக்கரத்தில். ஸ்பேனரை முதலில் நிப்பிளில் மாட்டிவிட்டு அதன்மேல் டியூபைச் சொருகுங்கள். மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும், நான் பத்து முறையாவது கழற்றியிருக்கிறேன். டியூப் நிப்பிளிலிருந்து மேலே ஏறி வளைந்து பிறகு பழைய ஆயில் பிடிக்க வைத்த வேறொரு பாட்டிலுக்குள் இறங்கட்டும், அதில் கொஞ்சம் ஆயில் ஊற்றி நுனி முங்கியிருக்கட்டும். மேலே இருப்பவர் லிவரை மெதுவாக அழுத்திப் பிடித்து "பிடிச்சிட்டேன்" என்று சொல்ல வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறப்பார், லிவர் இறங்கும், நிப்பிளை மூடிவிட்டு "விடு" என்பார். மூடும் முன் லிவரை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஷெட்டில் சண்டை வந்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். பழைய வண்டியில் லிவரைக் கைப்பிடி வரை போக விடாதீர்கள், நடுவில் ஒரு மரத்துண்டு வையுங்கள். வருடக்கணக்கில் பிஸ்டன் போகாத இடத்தில் துரு இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும்.

ஐந்தாறு அழுத்துக்கு ஒருமுறை டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருங்கள். காலியாகிக் காற்று இழுத்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடுங்காப்பி நிறத்தில் வருவது, தெளிந்த கடலை எண்ணெய் நிறமாகி, குமிழி இல்லாமல் வரும் வரை ஒரு சக்கரம், பிறகு அடுத்தது. வாக்யூம் பம்ப் வைத்து இழுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்து குமிழி முடிவே இல்லாமல் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் லிவர் பஞ்சாகவே இருந்தால்? எனக்கு அதுதான் நடந்தது. சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தது. இரண்டு சக்கரத்திலும் சொட்டுக் குமிழி இல்லை, லிவர் மட்டும் அப்படியே. எங்கள் உஸ்தாத் (தலைமை மெக்கானிக்) ஒரு பதான்காரர், டீக்குடிக்கப் போனவர் வந்து பார்த்தார். சக்கரத்துப் பக்கம் குனியவே இல்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் பேஞ்ஜோ போல்ட்தான் உயரமாக நிற்கும்படி கைப்பிடியைத் திருப்பினார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு லிவரை விரல் நுனியால், கால் அங்குலம்கூடப் போகாமல், டிக் டிக்கென்று தட்டினார். இன்னொரு கையில் சின்ன ஸ்பேனரால் அந்த போல்ட்டை லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார். டப்பாவின் அடியிலுள்ள ஊசித் துளையிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்று நான்காக. ஐந்து நிமிடத்தில் லிவர் கல்லாகிவிட்டது. காற்று மேலே போகப் பார்க்கும், நான் அதைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் விஷயம். (அந்த ஒரு லிட்டருக்குச் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் என்னை "லிட்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.)

அதற்கும் மசியாத வண்டிக்கு, டயர் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் லிவரைக் கைப்பிடியோடு கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவோம். காலையில் அவிழ்த்ததும் அதே டிக் டிக். பெரும்பாலும் வந்துவிடும்.

வாங்கிய வண்டி என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: காலிப்பரில் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா? யாராவது கழற்றி மாட்டும்போது இடது வலது மாறியிருந்தால் நிப்பிள் அடியில் வந்துவிடும். அப்போது நீங்கள் எவ்வளவு ஆயில் ஓட்டினாலும் காற்று மேல் மூலையில் சுகமாக உட்கார்ந்திருக்கும். இப்படி ஒரு வண்டி நான்கு கராஜ் சுற்றிவிட்டு எங்களிடம் வந்தது.

பின் பிரேக்குக்குத் தனி டப்பா, கால் பெடல், ஒரே காலிப்பர். முறை அதேதான், முன்னதைவிடச் சுலபம். ஆனால் ஆயில் அங்கேதான் அதிகம் கறுத்திருக்கும், பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுவார்கள், பார்க்கிங் பிரேக்கை விடாமலும் ஓட்டுவார்கள். அந்தக் கேபிள் இறுக்கமாக இருந்தால் கையோடு தளர்த்திவிடுங்கள்.

நிப்பிளை முடுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள், 6 நியூட்டன் மீட்டர் அளவுதான், ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். முடித்ததும் லிவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்து, ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். பேடிலோ டிஸ்க்கிலோ ஆயில் பட்டிருந்தால் டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைக்கலாம், ஊறிப்போன பேடை மாற்றத்தான் வேண்டும். முதல் ஓட்டம் சமதளத்தில், நடக்கும் வேகத்தில். மணல்மேடு அடுத்த வாரம் வரை அங்கேயே இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் சோதனையில் லிவர் இறங்கியதா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள். இறங்கினால் சீல் கிட் மட்டும் வாங்கி எப்படி மாற்றுவது என்று தனியாகச் சொல்கிறேன்.