திருமுழுக்குப் பெற்ற பிறகு எதிர்ப்பு வந்தால் விசுவாசத்தில் எப்படி நிலைத்து நிற்பது?

திருமுழுக்குப் பெற்றதிலிருந்து வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இரவில் நெஞ்சை ஏதோ அமுக்குகிறது, வாசலில் மஞ்சள் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது, செபத்தில் மனம் ஒட்டவில்லை. எல்லாம் அலகையின், அதாவது சாத்தானின் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. காரைக்குடிப் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் தேவகோட்டை. நானும் வளர்ந்த பிறகு திருமுழுக்குப் பெற்றவன்தான்.

முதலில் வீட்டு விஷயம். உங்கள் ஆத்தாவும் அப்பச்சியும் உங்கள் எதிரிகள் இல்லை. நாம் போராடுவது மனிதர்களோடு அல்ல என்று எபேசியர் 6:12 தெளிவாகச் சொல்கிறது. அலகையை எதிர்க்கிறேன் என்று வீட்டுச் சாமி படத்தைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விசுவாசமே இல்லை. நம் பக்கத்தில் முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் படைப்புக்கு ஒருவன் வரவில்லை என்றால் சாமி கும்பிடவில்லை என்பதோடு முடிவதில்லை. செத்துப்போன பெரியவர்களையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. என் அப்பத்தா அழுதது அதற்காகத்தான். நான் படைப்புக்குப் போகிறேன். கும்பிடுவதில்லை, அதை முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுவேன். அப்புறம் இலை போடுவது, தண்ணீர் வைப்பது, பந்தி முடிந்து எடுப்பது எல்லாம் என் வேலை. இன்னும் சிலர் பேசுவதில்லை, அது வலிக்கத்தான் செய்கிறது.

நெஞ்சை அமுக்குவதை ஊரில் அமுக்கான் என்பார்கள். தூக்கத்திலிருந்து மூளை விழித்தும் உடம்பு விழிக்காத சில நொடிகளில் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கும் கவலையில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி வரும். டாக்டரைப் பாருங்கள், அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. பேய் ஓட்டும் சடங்குக்கு முன் அது நோயா என்று பார்க்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. ஆயரின் அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு யாரும் அந்தச் சடங்கைச் செய்யவும் கூடாது. செய்வினைக் கட்டு உடைக்கிறேன் என்று காசு கேட்பவர் பக்கமே போகாதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடிக்கு அடியில் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவை வானதூதர் திட்டவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தார், அவர் மறுபடி படுத்துத் தூங்கினார்.

எலுமிச்சம்பழத்தை எடுத்து வெளியே போட்டுவிட்டு வாசலைக் கூட்டுங்கள். யார் வைத்தது என்று விசாரிக்க வேண்டாம். இயேசு கற்றுத்தந்த செபத்தில் 'தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்' என்று தினமும் சொல்கிறோமே, அது போதும்.

செபத்தில் மனம் ஒட்டாததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழமும் அமுக்கானும் வெளியிலிருந்து வரும் பயம். இதுவோ உள்ளே இருந்துகொண்டு, 'நீ எடுத்த முடிவே தப்பு' என்று உங்கள் குரலிலேயே பேசும். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் இதற்குச் சில விதிகள் எழுதி வைத்தார். அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு 1548-இல் திருத்தந்தை ஒப்புதல் தந்தார். மனம் வறண்டு இருட்டாக இருக்கும்போது, முன்பு வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒரு விதி. அந்த நேரத்தில் செபத்தைக் குறைக்காமல் கொஞ்சம் கூட்டு என்பது இன்னொன்று. எனக்கு ருசியே இல்லாமல் போன நாட்களில் ஒரு திருப்பாடலை வாய்விட்டுப் படித்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு மேல் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருப்பேன். உணர்ச்சி ஒன்றும் வராது. ஆனால் வறட்சி போனபோது நான் அதே இடத்தில் இருந்தேன்.

திருவாடானை வழியாக ஓரியூர் போயிருப்பீர்கள். போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு புனித அருளானந்தரை 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று மறவ நாட்டு மன்னர் சேதுபதி விடுவித்தார். அருளானந்தர் லிஸ்பன் போனார். அங்கே மன்னரே சிறு வயதுத் தோழர். வசதியாக அங்கேயே இருந்திருக்கலாம். ஆனாலும் மறவ நாட்டுக்கே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்தச் செம்மண்ணில் முழங்கால் போடும்போதெல்லாம் அவர் செத்ததைவிடத் திரும்பி வந்ததைத்தான் நான் அதிகம் நினைப்பேன்.

அவ்வளவு பெரிய சோதனை நமக்கு இல்லை. ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் நமக்கும் உண்டு. சீடர் பேதுரு தம்மை மறுதலிக்கப் போவது தெரிந்தும், 'உன் நம்பிக்கை தளராதிருக்க உனக்காக மன்றாடினேன்' என்றார் ஆண்டவர். லூக்கா 22-இல் இருக்கிறது. நீங்கள் அவரைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்தாலும் அவர் உங்களுக்காக மன்றாடுவது நிற்காது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் உங்கள் பங்கு ஃபாதரிடம் சொல்லிவிட்டீர்களா? எதிரியான அலகைக்குப் பிடித்தது ரகசியம் என்கிறார் இஞ்ஞாசியார். நம்பகமான ஒருவரிடம் சொன்னதும் அவன் திட்டம் வெளுத்துப்போகும். முகம் தெரியாத எனக்கு எழுதியது சரி. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கொஞ்சம் நின்று, அவரிடம் நேரிலும் சொல்லுங்கள்.