அந்த 500 ரூபாய் ரசீதுதான் உங்கள் வழக்கு

கேள்வி: நான் தோல் மருத்துவர். கும்பகோணம் பக்கம் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த 63 வயதுப் பெரியவர் ஒருவர் வியர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். “டாக்டர் யாராவது இருக்கீங்களா?” என்று மைக்கில் கேட்டார்கள். எச்சில் கையோடு ஓடினேன். பக்கத்தில் ஒருவர் பையில் இருந்த ஆஸ்பிரினைக் கொடுத்தேன். நாக்குக்கு அடியில், ரத்தக்குழாயை விரித்து ரத்த அழுத்தத்தையும் இறக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வைத்தேன். சில நிமிடங்களில் நாடி நின்றுவிட்டது. 108 வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். மருத்துவமனைக்குப் போனதும் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று என் கையைப் பிடித்து அழுத மகன், மூன்று மாதம் கழித்து 25 லட்ச ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தவறான மாத்திரை கொடுத்தேனாம். நல்ல சமாரியன் சட்டம் என்னைக் காப்பாற்றாதா? மானநஷ்ட வழக்குப் போடலாமா? இனி எவர் விழுந்தாலும் டாக்டர் என்று வாய் திறக்கப்போவதில்லை.

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அந்த மகனின் நன்றிகெட்டதனம் பற்றி. உங்கள் வலி புரிகிறது. ஆனால் நன்றி கெட்டவர் என்று நிரூபித்து எந்த வழக்கிலும் யாரும் ஜெயித்ததில்லை. மானநஷ்ட வழக்கை இப்போதே மறந்துவிடுங்கள்.

வழக்கு இருப்பது மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்: “மறுவாரம் மகன் கிளினிக்குக்கு வந்து இன்சூரன்ஸுக்குக் கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ரிசப்ஷனில் வழக்கமான 500 வாங்கியிருக்கிறார்கள்.” நீங்கள் அனுப்பிய ரசீது நகலைப் பார்த்தேன். கன்சல்டேஷன், 500 ரூபாய். நோயாளி பெயர் என்ற இடத்தில் இறந்தவர் பெயர். கடிதம் உங்கள் கிளினிக் லெட்டர்பேடில் இருக்கிறது. “என் சிகிச்சையில் இருந்தார்” என்று தொடங்குகிறது.

இது ஏன் முக்கியம்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இலவசமாகச் செய்தது ‘சேவை’ ஆகாது. காசு வாங்காமல் மண்டபத்தில் ஒருவர் உயிரைக் காப்பாற்ற ஓடிய டாக்டர் மீது நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிற்காது. மகன் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். 25 லட்சத்துக்கு 75,000 ரூபாய். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம், வாங்கிய சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அது 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. அதாவது அந்த 500 ரூபாய் ரசீதைக் காட்டி, சல்லிக்காசு செலவில்லாமல் 25 லட்சம் கேட்கலாம். நோட்டீஸ் எழுதிய வக்கீல் தன் தொழில் தெரிந்தவர். ரசீது எண்ணை முதல் பத்தியிலேயே போட்டிருக்கிறார், பாருங்கள்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற மருத்துவரை மட்டும்தான் சட்டத்துக்கு வெளியே வைத்தது. சிலரிடம் காசு வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமென்றால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான். உங்களுக்குக் காசு வாங்கும் கிளினிக் இருக்கிறது. கல்யாண மண்டபம் உங்கள் கிளினிக் அல்ல என்று நான் வாதாடலாம். ஆனால் அந்த லெட்டர்பேடு மண்டபத்தைக் கிளினிக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

நம் பக்கம் பதில் இல்லாமல் இல்லை. ரசீதின் தேதி மரணத்துக்கு ஏழு நாள் பின்னால். இறந்து ஏழு நாள் ஆனவருக்குக் கன்சல்டேஷன் கிடையாது. அது கடிதத்துக்கு வாங்கிய தொகை, சிகிச்சைக்கு அல்ல. பதிவுக்கென்று பெயருக்கு வாங்கும் சிறு தொகை இலவச மருத்துவமனையின் நிலையை மாற்றாது என்று அதே சாந்தா தீர்ப்பு சொல்வதும் நமக்குக் கொஞ்சம் உதவும். இது பேசத்தக்க வாதம்தான். ஜெயித்தே தீரும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

மற்றவற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். நல்ல சமாரியன் பாதுகாப்பு என்று நீங்கள் நம்பியிருப்பது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு. அது சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர்களுக்கானது. பந்தியில் நெஞ்சுவலி வந்தவருக்கு உதவினால் அது பேசாது. போலீஸ் பயமும் வேண்டாம். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, சாதாரணத் தவறுக்கு டாக்டர் மீது கிரிமினல் வழக்கு வராது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும். அதுவும் வேறொரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் வாங்கிய பிறகுதான். மாத்திரை விஷயத்தில், உங்கள் நிலையில் உள்ள ஒரு சாதாரண மருத்துவர், கையில் பிபி பார்க்கும் கருவிகூட இல்லாத இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். ரத்த அழுத்தம் பார்க்காமல் சார்பிட்ரேட் கொடுத்ததைக் கிளறுவார்கள். இதய மருத்துவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி வைப்போம்.

இனி நீங்கள் செய்யக்கூடாதவை. என்னிடம் வந்த டாக்டர்கள் கெட்டது பெரும்பாலும் சிகிச்சையால் அல்ல. நோட்டீஸ் வந்த பிறகு பத்து நாளில் செய்த காரியங்களால்.

ரசீதைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டரில் ‘கன்சல்டேஷன்’ என்பதைச் ‘சான்றிதழ்’ என்று மாற்றலாம் என்று உங்கள் ரிசப்ஷனிஸ்ட் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். மகன் கையில் அசல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மருத்துவர், கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்திருந்தார். சேர்த்த வரி உண்மைதான், அவர் உண்மையிலேயே அந்த ஊசியைப் போட்டிருந்தார். ஆனால் மற்ற வரிகள் நீல மை, அது மட்டும் கறுப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை ஆணையத் தலைவர் பக்கம் திருப்பிக் காட்டியதோடு சரி. அதன் பிறகு என் கட்சிக்காரர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. 500 ரூபாயை ஜிபேயில் திருப்பி அனுப்புவதும் கூடாது. அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி வாசிக்கப்படும்.

மகனுக்குப் போன் செய்யாதீர்கள். “மனசு விட்டுப் பேசினால் சரியாகிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு மருத்துவர் அப்படித்தான் பேசினார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கவனிச்சிருக்கலாம், எனக்கும் மனசு கேக்கல” என்றார். இரக்கத்தில் வந்த வார்த்தை. அது பதிவாகி, புகாரோடு இணைப்பாக வந்தது.

உங்கள் தொழில் காப்பீட்டு பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் வந்ததை உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதில் நோட்டீஸ் போகும் முன் அவர்கள் பார்வைக்குப் போக வேண்டும். அவர்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ பணம் கொடுத்தாலோ, கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். கிளினிக் முகவரியில் செய்த சிகிச்சைக்கு மட்டும்தான் காப்பீடா, வெளியிலும் செல்லுமா என்று வாசகத்தைப் படியுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் தரவேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்காதீர்கள். நாம் முதலில் என்ன சொன்னோம் என்பது பிறகு எடை போடப்படும். ஆணையத்தில் இருந்து சம்மன் வந்துவிட்டால் 30 நாளில் பதில் மனு, மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். 46-ஆம் நாள் கண்ணீர் விட்டாலும் ஏற்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2020-ல் இதை உறுதி செய்துவிட்டார்கள். கிளினிக் பையன் சம்மன் கவரை மருந்துக் கம்பெனி விளம்பரம் என்று நினைத்து டிராயரில் போட்டதால், பதில் மனுவே இல்லாமல் தோற்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

அப்புறம், கல்யாண வீடியோ. நீங்கள் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள். பந்தியில் கேமரா ஓடியிருக்கும். பெரியவர் சாய்ந்தது, நீங்கள் ஓடியது, எத்தனை நிமிடத்தில் நெஞ்சை அழுத்தத் தொடங்கினீர்கள் என்பது எல்லாம் அதில் நேரத்தோடு இருக்கலாம். வீடியோக்காரர் ஆல்பம் கொடுத்த பிறகு மூலப் பதிவுகளை அழித்துவிடுவார். மூன்று மாதம் ஆகிவிட்டது. பெண் வீட்டார் மூலம் இன்றே பேசி, வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக வாங்குங்கள். சாட்சியச் சட்டப்படி அவரிடம் சான்றிதழும் வாங்க வேண்டும், அதன் படிவம் நான் தருகிறேன். 108 ஆம்புலன்ஸ் பதிவேட்டைப் பத்திரப்படுத்தும்படி நான் கடிதம் எழுதுகிறேன். அழைப்பு எத்தனை மணிக்கு, வண்டி எத்தனை மணிக்கு, வந்தபோது நோயாளி நிலை என்ன என்பது அதில் இருக்கும்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. தவறே செய்யாத நீங்கள் சமரசத்துக்குத் தயாராக இருங்கள். இப்போதல்ல, பதில் நோட்டீஸ் போன பிறகு. அந்த ரசீதும் லெட்டர்பேடும் இல்லையென்றால் ‘ஒரு பைசா தராதீர்கள், வரட்டும் பார்க்கலாம்’ என்றிருப்பேன். அவை இருக்கின்றன. ஆணையத்தில் வருடக்கணக்கில் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் உங்களுக்கு மனஉளைச்சல். காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் ஒரு தொகைக்கு அவர்கள் இறங்கி வந்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்து முடிப்போம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி அதில் இருக்க வேண்டும். கையெழுத்து மகனிடம் மட்டும் போதாது. வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ, மனைவி, கட்டிக்கொடுத்த மகள்கள் உட்பட அத்தனை பேரும் போட வேண்டும். மகனோடு முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மகளிடமிருந்து நோட்டீஸ் வாங்கியவர்கள் உண்டு.

‘இனி வாய் திறக்கமாட்டேன்’ என்கிறீர்களே, அது மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவசரத்தில் யார் அழைத்தாலும் போக வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. உயிரைக் காப்பது எல்லா டாக்டரின் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மண்டபத்தில் நீங்கள் செய்த ஒரு காரியத்தைக்கூட மாற்றச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அடுத்த முறை ஓடுங்கள், 108-இடம் ஒப்படையுங்கள், நேரத்தை ஒரு தாளில் குறித்து வீட்டில் வையுங்கள். மறுவாரம் கடிதம் கேட்டு யாராவது கிளினிக்குக்கு வந்தால், பார்த்ததை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள். ரிசப்ஷனில் காசு வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

பாலிசியின் முழு நகலோடு இந்த வாரமே வந்து பாருங்கள். பதில் சொல்ல நோட்டீஸில் கொடுத்திருக்கும் 15 நாளில் ஒன்பது நாள் போய்விட்டது.