கேளுங்கோ, சொல்லுறம்: அப்கிரேட் போட்டாப் பிறகு மெயில் எங்க?

கேள்வி: வணக்கம் அண்ணை. எங்கட கமக்காரர் அமைப்பின்ர லப்டொப்பில உபுண்டு 22.04 (விண்டோஸ் மாதிரி ஒரு ஒபரேட்டிங் சிஸ்டம்) தான் கிடந்தது, மகன் போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு 24.04க்கு அப்கிரேட் பண்ணி விட்டான். இப்ப மெயில் பாக்கிற தண்டர்பேர்ட்டைத் திறந்தா புதுசா எக்கவுண்ட் போடச் சொல்லுது, பழைய மெயில் ஒண்டும் இல்லை. முத்தையன்கட்டு வாய்க்கால் திருத்துற எஸ்டிமேட், கமநல சேவை நிலையத்துக்கு எழுதின கடிதம் எல்லாம் அதுக்குள்ள தான், காலபோகக் கூட்டத்துக்கு வேணும். மெயிலைக் கணினிக்கு இறக்கிற பொப் முறையில எடுக்கிறனாங்கள், சேர்வரில கொப்பி விடுறேல்லை. எல்லாம் அழிஞ்சு போச்சோ?
(வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: அனேகமா அழிஞ்சிருக்காது தங்கச்சி. ஆனா அந்தப் பெட்டியில இமெயிலையும் பாஸ்வேர்ட்டையும் இப்ப குடுத்துப் போடாதேங்கோ. குடுத்தா பழசுக்கு ஒண்டும் ஆகாது, புதுசா வாற மெயில் எல்லாம் வேற புரொபைலுக்குள்ள (மெயிலும் செட்டிங்கும் கிடக்கிற போல்டர்) இறங்கிடும், சேர்வரிலயும் மிஞ்சாது, பிறகு ரெண்டையும் ஒண்டாக்கிறது பெரிய கரைச்சல்.

நடந்தது இதுதான். உபுண்டுவில புரோக்கிராமைப் போட டெப், ஸ்னாப் எண்டு ரெண்டு விதப் பொதி இருக்கு. முந்தி தண்டர்பேர்ட் டெப் பொதியா வந்தது, 24.04 இல ஸ்னாப்பா வருது. ஸ்னாப் வேற வீட்டில, அதாவது வேற போல்டரில இருந்து வேலை செய்யும். முதல்தரம் திறக்கேக்க பழைய வீட்டுச் சாமானை அதுவே கொண்டுபோகோணும், சிலவேளை போகாது.

தண்டர்பேர்ட்டை மூடுங்கோ. ஹோம் போல்டரில நிண்டு கொன்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அமத்தினா மறைஞ்சு கிடக்கிறது தெரியும், அதில முன்னுக்குப் புள்ளி வைச்ச தண்டர்பேர்ட் போல்டர் தான் உங்கட பழசு. உள்ள அர்த்தமில்லாத எட்டு எழுத்தும் புள்ளியும் போட்டு, டிபோல்ட் ரிலீஸ் எண்டு முடியிற மாதிரி ஒண்டோ ரெண்டோ இருக்கும். ரைட் கிளிக் பண்ணி புரொப்பர்ட்டீஸில சைஸைப் பாருங்கோ, பாரமா இருக்கிறது தான் மெயில் உள்ளது. உடன முழுப் போல்டரையும் பென் டிரைவில கொப்பி எடுங்கோ. இதை மட்டும் நாளைக்கு எண்டு விடாதேங்கோ.

அடுத்தது ஹோமுக்குள்ள கிடக்கிற ஸ்னாப் போல்டர், அதுக்குள்ள தண்டர்பேர்ட், அதுக்குள்ள கொமன். அங்கயும் புள்ளி வைச்ச தண்டர்பேர்ட் ஒண்டு கிடக்கும், அதின்ர பேரை மாத்தி ஒதுக்கிப்போட்டு பழசை அப்பிடியே அந்த இடத்தில கொப்பி பண்ணுங்கோ. வெட்டி ஒட்ட வேண்டாம், கொப்பி தான். பிறகு டெர்மினலில (கட்டளை அடிக்கிற ஜன்னல்) இங்கிலீசில சின்ன எழுத்தால தண்டர்பேர்ட் எண்டு அடிச்சு, ஒரு இடம் விட்டு, ஒரு ஹைபனும் கப்பிட்டல் பீயும் போட்டு என்டர் அடிச்சா எந்தப் புரொபைல் எண்டு கேக்கும், பாரமானதைத் தெரிவு செய்யுங்கோ.

திறந்தும் ஏதும் போல்டர் வெறுமையா நிண்டா, தண்டர்பேர்ட்டை மூடிப்போட்டு அதின்ர பேரில எம்எஸ்எப் எண்டு முடியிற பைலை மட்டும் அழிக்கலாம், அது வெறும் அட்டவணை, திரும்ப உருவாகும். அதே பேரில பின்னொட்டு இல்லாமக் கிடக்கிறது தான் மெயில், அதில கைவைக்கக் கூடாது.

கேள்வி: ஜிமெயில் பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறன், தண்டர்பேர்ட் திரும்பத் திரும்பக் கேக்குது. ஏன்?
(வாசகர், மாங்குளம்)

பதில்: 2022 மே 30க்குப் பிறகு தனியாள் ஜிமெயிலுக்கு வெறும் பாஸ்வேர்ட் செல்லாது. எக்கவுண்ட் செட்டிங்கில ஓத்ன்டிகேஷன் முறையை ஓஓத்2 (கூகிளின்ர சொந்த லொகின் ஜன்னலால உள்ள போற முறை) எண்டு மாத்துங்கோ, அனுப்புற சேர்வருக்கும் மறக்காம மாத்தோணும். தண்டர்பேர்ட்டில குக்கீயை நிப்பாட்டி வைச்சிருந்தா அந்த லொகின் ஜன்னல் வேலை செய்யாது, அதையும் ஒருக்காப் பாருங்கோ.